திரும்ப வைக்கக் கூடாத பல்

குறடு டாக்டரம்மா என்றால் அந்த வட்டாரத்தில் தெரியாதவர்கள் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பேர் வாசல் பலகையில் இருக்கத்தான் செய்கிறது. அதை யார் படித்தார்கள்? நாற்காலியில் உட்கார்ந்தவர், "எப்ப டாக்டர் பிடுங்கப் போறீங்க?" என்று கேட்டு வாய் மூடுவதற்குள் பல் தட்டில் கிடக்கும். கையில் அவ்வளவு வேகம். வாயிலும் அதே வேகம்தான். பல் தேய்க்காமல் வந்து உட்கார்ந்த பெரிய அதிகாரி ஒருவரிடம், "இந்த வாயை வெச்சுக்கிட்டா ஆபீஸ்ல எல்லாரையும் அதட்டறீங்க?" என்று கேட்டவள். அவர் கோபித்துக்கொண்டு போய், மறுவாரம் தன் மாமனாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வைத்தியம் நன்றாக இருந்தால் திட்டு வாங்குவதற்கும் ஆள் வரும்.

செருப்புக் கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறை. முன் அறையில் நான்கு நாற்காலியும் ஒரு மின்விசிறியும். விசிறி சுற்றுகிற சத்தத்தில்தான் உள்ளே இருப்பவர்கள் போடும் கூச்சல் வெளியே கேட்காமல் இருக்கிறது என்று நர்ஸம்மா சொல்வாள். உள் அறையில் சாய்வு நாற்காலி, விளக்கு, எக்ஸ்ரே இயந்திரம், மூலையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு ஃப்ரிட்ஜ். அந்த ஃப்ரிட்ஜில் மருந்தோடு மருந்தாக எப்போதும் ஒரு பாக்கெட் பால் இருக்கும். அதில் யாராவது காபி போட்டால் தொலைந்தார்கள். அது பல்லுக்கான பால்.

அந்தப் பாலுக்குக் காரணம் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண். பன்னிரண்டு பதின்மூன்று வயதிருக்கும். பந்து விளையாடும்போது முன்பல் வேரோடு விழுந்துவிட்டது. அதைக் கைக்குட்டையில் சுற்றி, பத்திரமாக மேஜைக்குள் வைத்து, மறுநாள் சாவகாசமாக அழைத்து வந்தார்கள். பல் காய்ந்து சுண்டிப் போயிருந்தது. விழுந்த உடனே குழியில் திரும்ப வைத்திருந்தாலோ, பாலில் போட்டு ஓடி வந்திருந்தாலோ ஒட்டியிருக்கும். அந்தப் பெண் வாயைக் கையால் மூடிக்கொண்டே பேசியதைப் பார்த்து டாக்டரம்மாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பள்ளிக்கூடத்துக்கே போய், தலைமையாசிரியரை உட்காரவைத்து வெளுத்து வாங்கினாள். அதோடு விட்டாளா? சொந்தக் கைக்காசில் சுவரொட்டி அடித்தாள். 'விழுந்த பல்லைத் தேய்க்காதீர்கள். பாலில் போடுங்கள். ஓடி வாருங்கள்.' பள்ளிக்கூடம், விளையாட்டுத் திடல், நீச்சல் குளம் என்று போன இடமெல்லாம் ஒட்டினாள். மழலையர் பள்ளி ஒன்றையும் விடவில்லை. கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கும் இதே பாடம்தான். சொந்தக்காரர்கள் அவளைக் கண்டால் இடம் மாறி உட்கார ஆரம்பித்தார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, பலன் இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு மூன்று பிள்ளைகளின் பல் பிழைத்தது. பாலோடு ஓடி வந்தார்கள். டாக்டரம்மா குழியில் வைத்து, பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பி கட்டி ஒட்டினாள். அப்படி ஒட்டிய நாளில் அவள் யாரையும் திட்டமாட்டாள். நர்ஸம்மா அதை வைத்துத்தான் லீவு கேட்பாள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். டாக்டரம்மா சின்னக் குழந்தைகளைப் பார்ப்பதில்லை. கைக்குழந்தை, நடக்கப் பழகுகிற குழந்தை, நர்சரி போகிற குழந்தை என்று யார் வந்தாலும், "எனக்குப் பொறுமை கிடையாது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று வாசலோடு அனுப்பிவிடுவாள். கல்லூரியில் படிக்கும்போது குழந்தைகளின் பல் காயத்தை ஒரே வகுப்பில் சொல்லி முடித்தார்கள். அந்த வகுப்பில் பாதி நேரம் புரொஜெக்டர் வேலை செய்யவில்லை. பரீட்சையில் அந்தக் கேள்வி வரவும் இல்லை. அவளோடு படித்தவர்கள் எல்லாருக்கும் இதே கதைதான். ஊசி மட்டும் விதிவிலக்கு.

ஊசி என்பது கல்லூரித் தோழி. அப்போது ஒல்லியாக இருந்ததால் வைத்த பேர். இப்போது நாற்காலி நிறைய உட்கார்கிறாள், ஆனாலும் ஊசிதான். குழந்தைகளுக்கு மட்டும் பல் பார்ப்பதற்கென்று மேற்படிப்புப் படித்து, ரயிலில் மூன்று மணி நேரம் போகிற ஊரில் இருக்கிறாள். வாரம் ஒரு தடவையாவது இரண்டு பேரும் போனில் வம்பளக்காவிட்டால் தூக்கம் வராது.

இதெல்லாம் இருக்க, ஒரு சனிக்கிழமை காலை டாக்டரம்மாவின் தம்பி படியேறி வந்தான். ஏறி வந்தான் என்பது பேச்சுக்கு. அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். ஒரு கையில் மூடி போட்ட டம்ளர். பின்னால் அவன் மனைவி, தோளில் குழந்தை. குழந்தையின் வாயும் அம்மாவின் சட்டைத் தோளும் ஒரே ரத்தம்.

தம்பி டாக்டரம்மாவைவிடப் பதினைந்து வயது சின்னவன். அவள்தான் சோறூட்டி வளர்த்தாள் என்று சொன்னால் மிகை இல்லை. அவனுக்குக் கல்யாணமாகி வெகு நாள் கழித்துப் பிறந்தது இந்தப் பெண். மூன்று வயது. வீட்டில் கூப்பிடுகிற பேர் சிட்டு. அத்தை என்றால் உயிர். அத்தையும் ஊர் முழுக்கத் திட்டிவிட்டு வந்து இந்தச் சிட்டுவிடம் மட்டும் குழைவாள்.

"அக்கா, குளியலறையில வழுக்கி விழுந்துட்டா. வாளி விளிம்புல இடிச்சு..." தம்பிக்கு மூச்சு வாங்கியது. "பல்லு முழுசா வந்துடுச்சு. ஆனா நான் தேய்க்கலை. வேரைத் தொடலை. பால்லதான் போட்டிருக்கேன். நீ சொன்ன மாதிரியே!"

டாக்டரம்மா டம்ளரைத் திறந்து பார்த்தாள். அரிசி மாதிரி குட்டிப் பல், வேரோடு, முழுசாக. ஒரு கீறல் இல்லை. மார்பு விம்மியது அவளுக்கு. எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள்! சொன்னதைச் சொன்னபடி செய்தது சொந்தத் தம்பி.

"உட்காரு. நாலு நிமிஷத்துல வெச்சிடறேன்," என்றாள்.

சிட்டு போட்ட கத்தலில் கீழே செருப்புக் கடைக்காரர் மேலே வந்து எட்டிப் பார்த்தார். அம்மா காலைப் பிடித்துக்கொண்டாள், அப்பா கையை, நர்ஸம்மா தலையை. டாக்டரம்மா பல்லைக் குழியில் வைத்து விரலால் அழுத்தினாள், கம்பி கட்டினாள், விளக்கைக் காட்டி அதன் பசையை இறுக்கினாள். முடிந்தது. வாயைத் திறந்தால் பல்வரிசை பழையபடி இருந்தது. தம்பி மனைவி அழுகையும் சிரிப்புமாக டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அண்ணி, நீங்க மட்டும் இல்லேன்னா..."

"சரி சரி, ரெண்டு வாரத்துக்குக் கடிச்சுச் சாப்பிடக் கூடாது," என்றாள் டாக்டரம்மா. அவள் குரல் அன்றைக்கு இருந்த குளிர்ச்சியைப் பார்த்து நர்ஸம்மா அங்கேயே லீவு கேட்டு வாங்கிவிட்டாள்.

சாயங்காலம் கடைசி ஆளை அனுப்பிவிட்டு, பெருமை தாங்காமல் ஊசிக்குப் போன் போட்டாள். தம்பி ஓடி வந்தது, டம்ளர், பால், கம்பி எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொன்னாள். ஊசி "ம், ம்" என்று கேட்டுக்கொண்டு வந்தவள் திடீரென்று நிறுத்தினாள்.

"இரு இரு. யாருக்குன்னு சொன்னே?"

"நம்ம சிட்டுக்குடி!"

"சிட்டுக்கு மூணு வயசுதானே?"

"ஆமா."

"பால் பல்லையாடி திரும்ப வெச்சே?"

டாக்டரம்மாவுக்கு முதலில் கேள்வியே விளங்கவில்லை. பல் என்றால் பல்தானே? பிறகு விளங்கியது. விளங்கியபோது நோயாளி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

ஊசி மெதுவாகத்தான் சொன்னாள். பெரிய பல் விழுந்தால் வைக்க வேண்டும், அதற்குப் பிறகு முளைக்க வேறு பல் கிடையாது. பால் பல் அப்படியில்லை. அதன் வேரை ஒட்டி எலும்புக்குள் பெரிய பல் பாதி வளர்ந்து கிடக்கிறது. விழுந்த பால் பல்லைக் குழிக்குள் அழுத்தினால் போய் அதன் மேல் இடிக்கும். பல் செத்துச் சீழ் பிடித்தால் பெரிய பல்லும் சேர்ந்து கெடும். கறையோடு வரலாம், கோணி வரலாம், வராமலே போகலாம். விழுந்த பால் பல்லை அப்படியே விட்டுவிட வேண்டும். ஏழு வயது வரைக்கும் ஓட்டை வாயோடு சிரித்தால் ஒரு குழந்தைக்கும் ஒன்றும் ஆகாது.

"நான் இடிச்சிருப்பேனா?"

"தெரியாது. பெரிய பல் முளைச்சு வெளியில வந்தாத்தான் தெரியும். அதை இப்போ நீயும் மாத்த முடியாது, நானும் மாத்த முடியாது. சீழ் பிடிக்காம மட்டும் தடுக்கலாம். எடுத்துடு. சீக்கிரம் எடுத்துடு."

பல் பிடுங்குவதற்கென்றே பேர் வாங்கியவளுக்கு ஒரு அரிசிப் பல்லை எடுப்பது ஒரு வேலையா? வேலை அது இல்லை. காலையில் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவளிடம் போய்ச் சொல்ல வேண்டுமே, அதுதான் வேலை. ஒரு நிமிஷம் அவளுக்குள் ஒரு சபலம் தட்டியது, மறைப்பானேன்? கம்பி எடுக்கிற சாக்கில் இரண்டு வாரம் கழித்து, 'ஒட்டலை, பாவம்' என்று சொல்லி எடுத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? அந்த நினைப்பு வந்ததற்காகவே தன்னைத் தானே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டாள். பையை எடுத்தாள். விளக்கை அணைக்காமலே இறங்கிவிட்டாள்.

தம்பி வீட்டில் அக்கம்பக்கத்தார் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து சிட்டுவின் வாயைப் பார்த்து அதிசயப்பட்டுக்கொண்டிருந்தார்கள். "வாங்க, உங்களைப் பத்தித்தான் பேசிட்டிருக்கோம்," என்றாள் எதிர்வீட்டுக்காரி. சிட்டு அத்தையைக் கண்டதும் வீல் என்று அலறி நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்தது. எப்போதும் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்கிற குழந்தை. டாக்டரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, வந்தவர்கள் போகட்டும் என்று காத்திருந்தாள்.

"காலையில நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்," என்று ஆரம்பித்தாள். சுற்றி வளைக்கவில்லை. ஊசி சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். "அதை எடுத்தாகணும்."

தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. "நீதானேக்கா பால்ல போடுன்னு சொன்னே..."

"நான்தான் சொன்னேன். அரைகுறையாச் சொல்லியிருக்கேன். எந்த வயசுக்குன்னு சொல்லலை. ஏன்னா எனக்கே தெரியலை."

தம்பி மனைவி குரலை உயர்த்தாமல் பேசினாள். "காலையில நாலு பேர் பிடிச்சு அமுக்கி வெச்சோம். அவ கத்தினது இன்னும் என் காதுல கேக்குது. இப்ப வந்து திரும்ப எடுக்கணும்கறீங்க. அவ என்ன பொம்மையா அண்ணி?"

"இல்லம்மா."

"காலையில டாக்டருக்குத் தெரியாதது சாயங்காலம் எப்படித் தெரிஞ்சுது? நாளைக்கு இன்னொண்ணு சொல்ல மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேள்வி. டாக்டரம்மா எழுந்து போகவில்லை. "என்மேல நம்பிக்கை போயிருந்தா நியாயம்தான். வேற யாரையாவது கேளு. ஆனா கேளு. சும்மா விட்டுடாதே," என்று மட்டும் சொன்னாள்.

தம்பி மனைவி கேட்டாள். மறுநாள் காலையிலேயே தங்கப்பல்லிடம் போய்க் கேட்டாள். தங்கப்பல் என்பவர் அந்த ஊர்ப் பல் டாக்டர்கள் சங்கத்தின் செயலாளர். சிரித்தால் கடைவாயில் தங்கம் மின்னும். மின்ன வேண்டும் என்பதற்காகவே அடிக்கடி சிரிப்பார். அவருக்கும் டாக்டரம்மாவுக்கும் ஏழாம் பொருத்தம். அவர் சிட்டுவின் வாயில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "அருமையா உட்கார்ந்திருக்கே! எதுக்கும்மா எடுக்கணும்? உங்க அண்ணிக்கு எதையாவது பிடுங்கலேன்னா கை அரிக்கும்," என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இதைத் தம்பி போனில் சொன்னபோது டாக்டரம்மாவுக்கு வந்த கோபத்துக்கு, தங்கப்பல் மட்டும் எதிரே நின்றிருந்தால் அவருடைய தங்கம் தட்டுக்கு வந்திருக்கும். ஆனால் கோபப்பட்டு என்ன பிரயோசனம்? அவருக்கும் அதே கல்லூரி, அதே ஒற்றை வகுப்பு. நேற்றுக் காலை தன்னைக் கேட்டிருந்தால் தானும் இதையேதான் சொல்லியிருப்பாள். இந்த எண்ணம்தான் அவளை அதிகமாகச் சுட்டது.

நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள். "நான் தொடலை. ஊசிகிட்ட போவோம். அவ குழந்தைங்களுக்குன்னே படிச்சவ. அவ எடுக்க வேண்டாம்னு சொன்னா நான் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். நாளைக்கு முதல் ரயில்," என்றாள்.

தம்பி மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டரம்மா கிளம்பவும் இல்லை. காபி வந்தது, ஆறியது. துவைத்த துணி மடிக்கப்பட்டது. டாக்டரம்மாவும் ஒரு கை கொடுத்து மடித்தாள். தம்பி இரண்டு பேருக்கும் நடுவே கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றான்.

"நீங்க போக மாட்டீங்களா அண்ணி?"

"நாளைக்கு ரயிலுக்குத்தான் போவேன்."

"உங்க பிடிவாதம் இருக்கே..." என்று தம்பி மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் சிட்டுவின் உடுப்பை எடுத்துப் பையில் வைத்தாள்.

ஊசியின் க்ளினிக்கில் சாய்வு நாற்காலி ஓரமாகக் கிடந்தது. நடுவே முதுகு இல்லாத இரண்டு முக்காலிகள். முதலில் சின்னதாக ஒரு எக்ஸ்ரே எடுத்தாள். அதை வெளிச்சத்தில் காட்டி, டாக்டரம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் தாயிடம் நேரே பேசினாள். "இதோ பாருங்கம்மா, இது அண்ணி வெச்ச பல். அதுக்கு மேல முட்டை மாதிரி தெரியுதே, அதுதான் உங்க பொண்ணு காலம் பூரா வெச்சுக்கப் போற பல்."

இரண்டுக்கும் நடுவே ஒரு நூலிழை இடம்கூட இல்லை.

தம்பி மனைவி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள், "இதுக்கு ஏற்கெனவே அடி பட்டிருக்குமா?"

"விழுந்தப்பவே பட்டிருக்கலாம். வெச்சப்போ பட்டிருக்கலாம். எதுவுமே படாம இருக்கலாம். பொய் சொல்லி உங்களைத் தேத்த மாட்டேன். ஆனா இதை இன்னும் விட்டு வெச்சா ஆபத்து அதிகம்."

"அப்ப எடுத்துடலாம்," என்றாள். ஊசி கையுறையைப் போட்டுக்கொள்ளப் போனாள். "நீங்க இல்ல டாக்டர்." தம்பி மனைவி திரும்பி டாக்டரம்மாவைப் பார்த்தாள். "நீங்க வெச்சதுதானே? நீங்களே எடுங்க."

தண்டனையாகச் சொன்னாளா, நம்பிக்கையாகச் சொன்னாளா? டாக்டரம்மாவுக்குத் தெரியவில்லை. இரண்டாகவும் இருக்கலாம். கையுறையை வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

ஊசி முக்காலிகளை இழுத்துப் போட்டாள். தாயும் டாக்டரும் எதிரெதிரே உட்கார வேண்டும். முழங்காலும் முழங்காலும் இடிக்க வேண்டும். குழந்தை அம்மாவின் மடியில் அம்மாவைப் பார்த்து உட்கார்ந்து, அப்படியே பின்னால் சாய வேண்டும். தலை டாக்டர் மடிக்கு வரும். கண் அம்மா முகத்திலேயே இருக்கும். கை அம்மா கைக்குள். நாலு பேர் பிடித்து அமுக்குகிற வேலையே இல்லை. டாக்டரம்மா இத்தனை வருஷத் தொழிலில் இப்படி உட்கார்ந்ததே இல்லை. இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேர் முழங்கால் முட்ட உட்கார்ந்தார்கள். வேறு எங்கேயும் பார்க்க இடமில்லாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சிட்டு முதலில் முறுக்கிக்கொண்டது. ஊசி அவசரப்படவில்லை. அம்மாவின் மூக்கில் எத்தனை ஓட்டை என்று எண்ணச் சொன்னாள். சிட்டு எண்ணியது. மறுபடி எண்ணச் சொன்னாள். ஈறில் மரத்துப்போகிற மருந்தைத் தடவிக் காத்திருந்தார்கள். டாக்டரம்மாவுக்கு அந்தக் காத்திருப்பு ஒரு யுகம். வழக்கமாக இந்நேரம் மூன்று பல் பிடுங்கியிருப்பாள். வேகத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டு, மடியில் கிடந்த தலையை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டிருந்தாள். பிறகு கம்பியை நறுக்கினாள். துணிச்சுருளை வைத்துப் பிடித்து, இழுக்காமல், லேசாகத் திருப்பினாள். வந்துவிட்டது. சிட்டு ஒரு தடவை 'ஆ' என்று கத்தி, அம்மாவின் முகத்தைப் பார்த்து, அம்மா அழுவதைப் பார்த்து, தான் அழ மறந்துவிட்டது.

"ஏழு வயசுல அந்தப் பல் கோணலா வந்தா, உங்களைத்தான் கேப்பேன்," என்றாள் தம்பி மனைவி.

"கேளு. அதுவரைக்கும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை நானே உன் வீட்டு வாசல்ல வந்து நிப்பேன். நீ கதவைத் திறக்கலேன்னாலும் நிப்பேன்."

திரும்பும் ரயிலில் சிட்டு அத்தை மடிக்கு வரவில்லை. எதிர் இருக்கையில் அம்மாவோடு ஒட்டிக்கொண்டு, அத்தையை முறைத்தபடி தூங்கிப்போயிற்று.

ஊருக்கு வந்த டாக்டரம்மா சும்மா இருப்பாளா? தான் ஒட்டிய சுவரொட்டிகளைத் தானே போய்க் கிழித்தாள். மழலையர் பள்ளிக்காரம்மா, "எவ்வளவு நல்லதா எழுதியிருந்தீங்க, ஏன் கிழிக்கறீங்க?" என்று கேட்டாள். "பாதி நல்லது," என்றாள் டாக்டரம்மா. புதிதாக அடித்ததில், 'ஆறு வயதுக்குக் கீழே என்றால் பல்லைத் திரும்ப வைக்க வேண்டாம், ரத்தத்தை நிறுத்திவிட்டு அழைத்து வாருங்கள்' என்று பெரிய எழுத்தில் போட்டாள். ஊசியிடம் போய் உட்கார்ந்து முழங்கால் வித்தையைப் பழகினாள். உள்ளே போன பல், ஆடுகிற பல், உடைந்த பல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு அவள் உயிரை வாங்கினாள். நர்சரிக் குழந்தைகளை வாசலோடு அனுப்புவதையும் நிறுத்தினாள். இரண்டு பேர் கடித்தார்கள். ஒருவன் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தான். டாக்டரம்மா பொறுத்துக்கொண்டாள் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நர்ஸம்மாவும் முதலில் நம்பவில்லை.

இதெல்லாம் தன் ஒருத்தி கையோடு நின்றால் போதாது என்று அவளுக்குத் தெரியும். பல் டாக்டர்கள் சங்கம் மாதம் ஒரு தடவை வாடகை அறை ஒன்றில் கூடும். யாராவது மருந்துக் கம்பெனிக்காரர் படம் காட்டுவார், டீ குடித்துவிட்டுக் கலைவார்கள். அதில் தனக்குப் பேச நேரம் வேண்டும் என்று தங்கப்பல்லிடம் கேட்டாள்.

"என்ன தலைப்பு?" என்றார் அவர்.

"என் தப்பு."

அவர் சிரிக்கப் போனார். அவள் முகத்தைப் பார்த்துச் சிரிக்காமல் விட்டார்.

அன்றைக்கு அறை நிறைந்திருந்தது. குறடு டாக்டரம்மா தப்பை ஒத்துக்கொள்ளப் போகிறாள் என்றால் வேடிக்கை பார்க்க யார்தான் வரமாட்டார்கள்? அவள் எழுந்து நின்று ஒரு கேள்விதான் கேட்டாள். "மூணு வயசுக் குழந்தை. முன்பல் வேரோட விழுந்துடுச்சு. அப்பா பால்ல போட்டு உடனே கொண்டு வந்துட்டார். பல்லைத் திரும்ப வெப்பேங்கறவங்க கையைத் தூக்குங்க."

பாதிக்கு மேல் கை தூக்கினார்கள். சிலர் இது என்ன பிரமாதமான கேள்வி என்று சிரித்துக்கொண்டே தூக்கினார்கள். டாக்டரம்மாவும் தன் கையைத் தூக்கினாள்.

"நானும் வெச்சேன்," என்றாள். "என் தம்பி பொண்ணுக்கு."

பிறகு நடந்தது முழுவதையும் சொன்னாள். சாயங்காலம் தட்டிய சபலத்தைக்கூட விடவில்லை. தங்கப்பல்லிடம் கேட்கப் போன கதையை மட்டும் விட்டுவிட்டாள். அவரைச் சந்தி சிரிக்க வைக்க அவள் வரவில்லை. தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கியிருந்தன. கடைசியாக எக்ஸ்ரே படத்தைத் திரையில் போட்டாள். பின் வரிசையில் இளவயது டாக்டர் ஒருத்தி எழுந்து, "எங்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தரலையே மேடம்," என்றாள்.

"எனக்கும்தான் சொல்லித் தரலை. அதைச் சொல்லி நான் தப்பிக்க முடியுமா? தெரியாதுன்னு தெரிஞ்சிருந்தா போனைப் போட்டுக் கேட்டிருப்பேன். தெரியும்னு நெனச்சேன் பாருங்க, அதுதான் வினை."

மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தங்கப்பல் தொண்டையைச் செருமினார். "வெச்சு ரெண்டு மாசம் ஆயிட்டா?" என்று கேட்டார்.

"யாருக்கு?"

அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்த மைக்கை அணைத்தார். "ரெண்டரை வயசுப் பொண்ணு. ரெண்டு மாசம் முன்னாடி என்கிட்ட வந்தாங்க. நல்லாப் பிடிச்சுக்கிச்சுன்னு சந்தோஷமா இருந்தேன். உங்க தம்பி வீட்டுக்காரி வந்து கேட்டப்போ, அதை மனசுல வெச்சுத்தான் எடுக்க வேண்டாம்னு சொல்லிட்டேன்."

டாக்டரம்மாவுக்கு வாய்வரை வந்தது. எத்தனையோ நாளாகச் சேர்த்து வைத்திருந்தது. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவரின் முகத்தில் தன் முகத்தையே பார்த்தாள். நோயாளி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்த அந்தச் சாயங்காலத்து முகம்.

"கூப்பிடுங்க," என்றாள்.

"நாளைக்குக் காலையில க்ளினிக் போனதும் முதல் வேலையா..."

"நாளைக்குன்னா உங்களுக்கு ஆயிரம் சமாதானம் தோணும். எனக்குத் தோணுச்சு. இப்பவே கூப்பிடுங்க. ஊசியோட நம்பர் நான் தரேன்."

தங்கப்பல் போனை எடுத்து எண்ணைத் தேடினார். காது கொஞ்சம் மந்தம் அவருக்கு, அதனால் போனில் எப்போதும் சத்தத்தைக் கூட்டித்தான் வைத்திருப்பார். மணி அடித்தது எல்லாருக்கும் கேட்டது. எடுத்த பெண்ணின் குரலும் கேட்டது.

"டாக்டரா! நல்லா இருக்கீங்களா? எங்க பாப்பா பல்லைக் காட்டிச் சிரிச்சுக்கிட்டே இருக்கா டாக்டர். பாக்கறவங்ககிட்டயெல்லாம் உங்க பேரைத்தான் சொல்றோம். உங்களை மறக்கவே மாட்டோம்."

தங்கப்பல் நிமிர்ந்து டாக்டரம்மாவைப் பார்த்தார். அவள் பார்வையை விலக்கவில்லை.

"அந்தப் பல்லைப் பத்தித்தாம்மா பேசணும்," என்றார் அவர். "கொஞ்சம் உட்கார்ந்துக்கோங்க."